ஒறம்பரைக்கு ஒரு தட்டு

போன மாசம், கார்த்திகை முடியப் போகிற நேரத்தில், எங்கள் வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. கொண்டு வந்தவர், எங்கள் தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் பண்ணையத்தில் இருந்த பெரியவரின் மகள். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். அவருடைய மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு, பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றார். அம்மா "உள்ள வா, உக்காரு" என்றாள். "பரவால்லீங்க" என்று இரண்டு தடவை சொன்ன பிறகு உள்ளே வந்து, முன்கூடமான ஆசாரத்தில் கிடந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "எல்லாரும் கண்டிப்பா வரோணுமுங்க" என்று அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார். அம்மா அடுப்படிக்குப் போய்க் காபி கொண்டு வந்தாள். காகிதக் கப்பில்.

அன்றைக்குக் காலையில்தான் தேங்காய் வியாபாரி வந்து போயிருந்தார். அவருக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி, டபராவோடு. அந்த டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்தபடி அடுப்படி மேடையிலேயே இருந்தது. பத்திரிகை கொண்டு வந்தவர் கிளம்பிய பிறகு அம்மாவிடம் கேட்டேன். "கழுவறதுக்கு ஆளில்ல கண்ணு, அதான் ஒரு பாக்கெட் வாங்கி வெச்சேன்" என்றாள். அம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. அதை நம்பித்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு மேற்கொண்டு பேச வாய் வரவில்லை. அந்தக் கப் மட்டும் ஒரு மாசமாக என் கண்ணை விட்டுப் போகவில்லை. கூடவே இன்னொன்றும் வந்து நிற்கிறது: ஆறு வருசத்துக்கு முன்னால், போலந்தில் ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி, எனக்கு எதிரே யாரும் உட்காராமல் இருந்த ஒரு தட்டு.

கோபிப் பக்கம் எங்கள் ஊரில், வீட்டுக்கு வருகிற சொந்தத்தை ஒறம்பரை என்போம். உறவும் விருந்தும் கலந்த சொல் அது. ஒறம்பரை வந்தால் முதலில் ஒரு சொம்புத் தண்ணி, அப்புறம்தான் பேச்சு. என் அப்பத்தா உலையில் அரிசி போடும்போது அளந்து போட்டுவிட்டு, கடைசியில் கையால் ஒரு பிடி அள்ளிப் போடுவாள். "ஒறம்பரை வந்தாலும் வரும்" என்பாள். நான் பார்க்க எத்தனையோ நாள் வந்திருக்கிறார்கள். இருக்கிற அரிசி-பருப்புச் சோற்றில் இன்னும் கொஞ்சம் நெய் விட்டு, எல்லாருக்கும் பத்தியிருக்கிறது. எங்கள் பேச்சில் வருகிற அந்த "ங்க"வை வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள், அது எனக்கு உண்மையிலேயே பெருமைதான். இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த ஊருக்குப் போனேன்.

வூச்

வரைபடத்தில் லோட்ஸ் என்று போட்டிருக்கும் ஊரை அங்கே உள்ளவர்கள் வூச் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் படகு என்று அர்த்தம், ஊரின் சின்னத்திலும் படகுதான் இருக்கிறது. ஆனால் ஊரை வளர்த்தது பஞ்சு. 19ஆம் நூற்றாண்டில் செங்கல் ஆலைகளாக எழும்பி, போலந்தின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய ஊர். கோயமுத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து நாம் கேட்டு வளர்ந்த அதே பட்டப்பெயர். 1989க்குப் பிறகு சோவியத் சந்தை கையை விட்டுப் போனதும் அங்கே ஒவ்வொரு மில்லாக மூடிவிட்டார்கள். கெயர் என்பவரின் வெள்ளை ஆலை இப்போது நெசவு அருங்காட்சியகம். பொஸ்னான்ஸ்கியின் பெரிய ஆலை வணிக வளாகம். கோயமுத்தூரில் மில் இருந்த இடங்களில் அடுக்குமாடி எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த ஊர் அன்னியமாகவே தோன்றவில்லை.

2019 அக்டோபரில், கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தபோது, எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்ற உதவித்தொகையில் ஒரு செமஸ்டருக்காகப் போனேன். டிசம்பர் மத்தியில் விடுதி காலியாக ஆரம்பித்தது. ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைத் தோழி, "அன்றைக்கு யாரும் தனியாக இருக்கக் கூடாது" என்று சொல்லி என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கேள்வியாகக் கேட்கவே இல்லை, முடிவாகத்தான் சொன்னாள். அன்றைக்கு என்றால் டிசம்பர் 24. அவர்களுக்கு 25ஐ விட அந்தச் சாயங்காலம்தான் பெரிய நோம்பி. விகிலியா என்று பெயர். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, சின்ன வீடு. தோழி, அவள் தம்பி, அப்பா, அம்மா, பாட்டி. பாட்டியை அவர்கள் பாப்ச்சா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

பாப்ச்சா வேலைக்குப் போன காலமெல்லாம் பருத்தி ஆலையில் தறி ஓட்டியவர். காது முக்கால்வாசி போய்விட்டது. நாம் பேசும்போது உதட்டைத்தான் பார்ப்பார். தறிச் சத்தத்தில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பேசிக் கற்றுக்கொண்டார்கள் என்று தோழி சொன்னாள். நான் பவானி ஜமக்காளம் ஒன்று கொண்டு போயிருந்தேன். பிரித்துக் கையில் வாங்கியவர் வண்ணத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கரைப் பக்கம் வைத்து நெருடி, அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். நெடுக்கு நூலான பாவு தெரியாமல் குறுக்கு நூலான ஊடையே மூடி நிற்கிற நெசவு அது. விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது. பிறகு கையால் ஓடத்தை இப்படியும் அப்படியும் தள்ளுவது போலக் காட்டி, "கையா?" என்று கேட்டார். குழித்தறி என்பதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து காலை மிதித்துக் காட்டினேன். அவர் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர்தான் இன்னொரு கதையும் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கிருந்து வெளியேறி வந்த போலந்துப் பிள்ளைகளுக்கு நவநகர் சமஸ்தானத்து மகாராஜா திக்விஜய்சிங் 1942இல் குஜராத்தில் பாலாச்சடி என்ற இடத்தில் முகாம் போட்டுக் கொடுத்தார். வார்சாவில் இன்றைக்கும் அவர் நினைவாக நல்ல மகாராஜா சதுக்கம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்ததே இல்லை. இந்தியாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றதும் அந்த மகாராஜாவின் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொண்டார் பாப்ச்சா.

அந்தத் தட்டு

டிசம்பர் 24 அன்று வூச்சில் சாயங்காலம் மூன்றரை மணி சுமாருக்கே பொழுது விழுந்துவிடும். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் பந்தியில் உட்கார வேண்டும். தம்பிக்காரன் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்பா மேசை மேல் ஒரு கைப்பிடி காய்ந்த புல்லைப் பரப்பி, அதன் மேல் வெள்ளைத் துணியை விரித்தார். குழந்தை யேசு பிறந்த மாட்டுக்கொட்டிலின் நினைவாம் அது. துணிக்கு அடியிலிருந்து அந்த வாசம் எழும்பியதும் எனக்கு எங்கள் கட்டுத்தரை ஞாபகம் வந்துவிட்டது. மூன்று மாசத்தில் முதல் தடவையாக வீட்டு ஏக்கத்தில் தொண்டை அடைத்தது.

மேசையில் ஆறு தட்டு இருந்தது. அவர்கள் ஐந்து பேர். விகிலியாவில் எதிர்பாராத விருந்தாளிக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள் என்று போலிஷ் மொழி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கதவுப் பக்கம் ஓரமாக இருந்த ஆறாவது தட்டுக்கு முன்னால் போய் நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்த போலிஷில், "இந்த விருந்தாளித் தட்டை எனக்குத் தந்ததற்கு ரொம்ப நன்றி" என்று சொன்னேன்.

தோழியின் அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் தோள் இரண்டையும் பிடித்து, மேசையைச் சுற்றி நடத்திக் கூட்டிக்கொண்டு போய், பாப்ச்சாவுக்கும் தோழிக்கும் நடுவில் நிறுத்தினார். தம்பி அப்போதுதான் உள்ளே இருந்து இன்னொரு நாற்காலியையும் ஏழாவது தட்டையும் கொண்டு வந்துகொண்டிருந்தான். அம்மா மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி, பாதி ஆங்கிலத்தில் சொன்னார்: "நீ வருவாய் என்று எங்களுக்குத் தெரியும். உனக்கும் சேர்த்து மீன் வாங்கினோம். உன் இடம் இது. அந்தத் தட்டு, நமக்குத் தெரியாத ஒருத்தருக்கு."

இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேருக்கு இதில் என்ன இருக்கிறது என்று விளங்குவதில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, மொழி தெரியாமல், தோல் நிறம் வேறாக, சாமி வேறாக இருந்த என்னைவிடத் தெரியாதவர் ஒருவர் அந்த வீட்டுக்கு உண்டா? உண்டு என்றார் அந்த அம்மா. என்னை உள்ளே எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தட்டு காலியாகத்தான் இருக்க வேண்டும். இன்னும் ஒருவர் வெளியே இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

அப்புறம் அப்பளத்தை விட மெலிசான, பிறப்புக் காட்சி அச்சடித்த ஒப்வாத்தெக் என்ற மாவு வில்லையை ஆளுக்கொன்று கையில் எடுத்துக்கொண்டோம். ஒருவர் கையில் இருப்பதை இன்னொருவர் கிள்ளித் தின்று, முகம் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நல்லது சொல்ல வேண்டும். பாப்ச்சா என் உதட்டைப் பார்க்கக் காத்திருந்தார். எனக்குத் தெரிந்த போலிஷ் தீர்ந்து போய்த் தமிழில் "நல்லா இருங்க பாப்ச்சா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்காகப் பன்னிரண்டு பதார்த்தம், ஒன்றில்கூட இறைச்சி கிடையாது. எங்கள் ரசத்தை விடச் சிவப்பாக, காளான் பொதிந்த குட்டிக் குட்டி மடிப்புகள் மிதக்கிற பீட்ரூட் சூப். முட்டைக்கோஸ் வைத்த பியெரோகிக் கொழுக்கட்டை. கோதுமையும் கசகசாவும் தேனும் சேர்த்த குத்யா. புகையில் உலர்த்திய பழங்களைக் கொதிக்க வைத்த தண்ணீர். நடுவில் கெண்டை மீன். கொடிவேரியில் பொரித்துத் தருகிற மீனைத் தின்று வளர்ந்த நாக்குக்கு அது சப்பென்றுதான் இருந்தது, ஆனாலும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். கடைசியில் பாப்ச்சா ஒரு செதிலைக் கழுவித் துடைத்து என் பர்ஸில் வைத்தார், வருசம் முழுக்கக் காசு தங்குமாம். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சாப்பிடும்போது நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்ச்சா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது செத்துப் போனவர்களுக்கு என்று சொல்வார்களாம். சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு வழியில் இருப்பவர்களுக்கு என்றும் சொல்வார்களாம். ஒரு விசயம் அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தப் பீங்கான் தட்டுகள் வருசத்துக்கு ஒரு தடவை வெளியே எடுப்பவை. ஏழில் ஒன்று விளிம்பில் சில்லுப் போயிருந்தது. அது தோழியின் அப்பா முன்னால் இருந்தது. ஆளில்லாத இடத்தில் இருந்தது முழுசான தட்டு.

நடுராத்திரிப் பூசைக்கு நடந்து போகும்போது தோழியிடம் கேட்டேன், யாராவது எப்போதாவது வந்திருக்கிறார்களா என்று. "என் வாழ்நாளில் இல்லை" என்றாள். "வந்து கதவைத் தட்டினால் உண்மையிலேயே திறப்போமா என்று ஒவ்வொரு வருசமும் யோசிப்பேன்" என்றாள். குளிரில் அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை.

சாளையில் இருந்த டம்ளர்

அன்றைக்கு ராத்திரி தூங்கப் போனபோது எனக்கு வந்த ஞாபகம் அப்பத்தாவின் ஒரு பிடி அரிசி இல்லை. எங்கள் தோட்டத்துச் சாளையின், அதாவது கூரைக் கொட்டகையின், எரவானத்தில் சொருகியிருந்த ஓர் அலுமினிய டம்ளர். பத்திரிகை கொண்டு வந்தாரே, அவருடைய அப்பாவுக்கு என்று தனியாக வைத்தது. சாயங்காலம் அவரே அதை எடுத்து, தொட்டித் தண்ணியில் அலசிக்கொண்டு வந்து நீட்டுவார். அப்பத்தா போசியைத் தூக்கிப் பிடித்து, டம்ளரில் படாமல் மேலே இருந்து டீ ஊற்றுவாள். குடித்து முடித்துக் கழுவி மறுபடி சொருகிவிட்டுப் போவார். அது அவருக்குப் பிடித்த டம்ளர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

எனக்கு ஏழு வயசு இருக்கும். ஒரு நாள் அப்பத்தா கொல்லையில் இருந்தபோது, நானே என் டம்ளரில் டீயை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் அவரிடம் நீட்டினேன். என் பிறந்தநாளுக்கு மாமா வாங்கித் தந்து, கோபியில் பேர் வெட்டிக் கொண்டு வந்த எவர்சில்வர் டம்ளர். புள்ளி புள்ளியாக என் பேர். "வேண்டாங்க அம்முணி" என்றார். நான் விடவில்லை. வாங்கி, டீயைத் தன் டம்ளரில் சாய்த்துக்கொண்டு, என்னுடையதை என் கையில் தராமல் தரையில் வைத்தார். அப்பத்தா பார்த்துவிட்டாள். திட்டவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த டம்ளர் அதற்கப்புறம் அடுப்படிக்குத் திரும்பவில்லை. மறுநாளிலிருந்து எரவானத்தில் இரண்டு டம்ளர் இருந்தது. என் பேர் வெட்டியது அவருடையதாகிவிட்டது.

அவருக்கு அப்போதே அறுபதை நெருங்கியிருக்கும். நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வாடா போடா என்றுதான் பேசுவேன். யாரும் திருத்தியதில்லை. அவர் என்னைத் திருப்பி "ங்க" போட்டுத்தான் பேசுவார். எங்கள் ஊரின் அந்த அழகான "ங்க" எந்தப் பக்கம் போனது, எந்தப் பக்கம் வரவில்லை என்பதை நான் மூன்றாவது மாடியில், அன்னிய மண்ணில், புல் வாசம் அடிக்கிற ஒரு வீட்டில் படுத்துக்கொண்டு முதல் தடவையாக யோசித்தேன். அப்போது அவர் செத்து மூன்று வருசம் ஆகியிருந்தது.

2020 பிப்ரவரியில் ஊர் திரும்பி, அப்பத்தாவிடம் விகிலியாத் தட்டைப் பற்றிச் சொன்னேன். ஆசையாகக் கேட்டாள். "நாமளும் ஒரு பிடி சேத்தித்தானே போடறோம்" என்றாள். அது உண்மை. அவள் கை அந்த ஒரு பிடியை ஒரு நாளும் மறந்ததில்லை. டம்ளரைப் பற்றிக் கேட்க வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன், வயசானவளை நோகடிக்க வேண்டாம் என்று. மறு வருசம் போய்ச் சேர்ந்தாள். கேட்டிருக்க வேண்டும். எத்தனை நோகச் செய்திருந்தாலும் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த ஒரு பிடியும் அந்த மேலே இருந்து ஊற்றுதலும் ஒரே கையில் எப்படி இருந்தன என்று எனக்குச் சொல்லக் கூடியவள் அவள் ஒருத்திதான்.

போலந்துக்காரர்கள் நம்மை விட உசத்தி என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 2021இல் பெலாரஸ் எல்லைக் காட்டில் வெளிநாட்டு அகதிகள் குளிரில் மாட்டிக்கொண்டபோது, எல்லைப் பக்கத்து ஊர்களில் சிலர், இங்கே வந்தால் உதவி கிடைக்கும் என்பதற்கு அடையாளமாக ஜன்னலில் பச்சை விளக்கு வைத்தார்கள். சிலர்தான். அந்த டிசம்பரில் தோழி எனக்கு எழுதினாள்: "இன்றைக்கு எங்கள் மேசையில் அந்தத் தட்டைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது." அடுத்த வருசம் பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், கார்கிவிலிருந்து வந்த ஒரு தாயையும் மகனையும் அதே சின்ன வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பாப்ச்சா தன் அறையைக் கொடுத்துவிட்டு முன்னறையில் படுத்துக்கொண்டார். அந்த டிசம்பர் 24க்குத் தோழி படம் அனுப்பியிருந்தாள். அவர்கள் ஐந்து பேர், வந்தவர்கள் இரண்டு பேர். தட்டுகளைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். எட்டு.

காகிதக் கப்

டீக்கடைகளில் இரண்டு டம்ளர் போய்க் காகிதக் கப் வந்தபோது, அது நல்லது என்று நானே பேசியிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே கப், குடித்துவிட்டு எறிந்துவிடலாம். வீட்டுக்குள் அது இப்படி நுழையும் என்று நினைக்கவில்லை. கழுவ வேண்டியதில்லை, எரவானத்தில் சொருக வேண்டியதில்லை, யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகை கொண்டு வந்தவர் குடித்து முடித்து, கப்பை நான்காக மடித்துத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எழுந்தார். எங்கள் வீட்டுக் குப்பைக் கூடைக்குக்கூட அதைத் தரவில்லை. ஸ்கூட்டியை எடுக்கும் வரை அந்தக் கை மூடியே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். சாளை போய் இப்போது தகர ஷெட். மோட்டார் பெட்டிக்குப் பக்கத்துப் பலகையில், ஆணியும் நட்டும் போட்டு வைத்த டம்ளர் ஒன்று இருந்தது. கொட்டிவிட்டு விரலால் துடைத்துப் பார்த்தேன். புள்ளிகள் தேய்ந்திருந்தாலும் பேர் படிக்க முடிந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து, புளி போட்டுத் தேய்த்து, அடுப்படி அலமாரியில் மற்ற டம்ளர்களோடு வைத்தேன். அம்மா பார்த்தாள். எங்கே இருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். எடுக்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

நேற்று ராத்திரி முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே, "அந்தப் புள்ள கல்யாணம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். பத்திரிகையை எடுத்துப் பார்த்து, முகூர்த்தம் ஆறரைக்கு என்றேன். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்துக் கல்யாணத்துக்குப் போனால் மொய் வைத்துவிட்டு வந்துவிடுவதுதான் வழக்கம், பந்தியில் உட்கார்ந்ததில்லை. "இருந்து சாப்பிட்டுட்டு வரலாம்மா" என்றேன்.

கீரையைத் திருப்பிப் போட்டு உருவினாள். காம்பைத் தனியாக ஒதுக்கினாள்.

"பாக்கலாம்" என்றாள்.